தரைக்கடியில் மறைந்திருக்கும் நீர்க்கசிவு

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறிச் செல்லும் மலைப்பாதையில், பாறைகள் இரண்டு வகையாகப் பிரிந்து நிற்கும் ஓர் இடம் உண்டு. கீழே இருப்பது கருங்கல் இனத்தைச் சேர்ந்த மிகப் பழைமையான பாறை. அதன்மேல் குவார்ட்சைட் என்னும் கடினமான மணற்பாறை அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. இவ்விரண்டும் தோன்றிய காலங்களுக்கு இடையே பல கோடி ஆண்டுகள் கடந்துள்ளன. இந்தச் சந்திப்பை எபார்க்கியன் இடைவெளி என்று பூகர்ப்ப நிபுணர்கள் அழைக்கின்றனர். இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத்துறை இதனைத் தேசியப் பூகர்ப்பச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது.

மலையுச்சியில் பெய்யும் மழை குவார்ட்சைட் பாறையின் வெடிப்புகளில் இறங்குகிறது. வழி கிடைக்கும்வரை கீழ்நோக்கிச் செல்கிறது. நீரை எளிதில் உள்ளே விடாத பாறையை எட்டியதும் பக்கவாட்டில் திரும்பி, எங்கோ ஒரு சரிவில் ஊற்றாக வெளிப்படுகிறது. நீர் வெளிப்படும் இடத்தைக் கண்டு, அது நிலத்தில் புகுந்த இடத்தைச் சொல்லிவிட முடியாது.

ஒரு வீட்டின் தரைக்கடியிலும் இதே நிகழ்ச்சி சிறிய அளவில் நடைபெறுகிறது. சமையலறையில் உடைந்த குழாயின் நீர் மணல் நிரவலின் வழியே ஓடி, கூடத்துச் சுவரின் அடியில் ஈரமாகத் தோன்றக்கூடும். ஈரம் கண்ட இடத்தைக் கொத்தனார் உடைக்கிறார். குழாய் அங்கே நன்றாகவே இருக்கிறது. அடுத்த இடம் உடைக்கப்படுகிறது; அதற்கடுத்த இடமும் உடைக்கப்படுகிறது. கசிவைச் சரிசெய்யும் செலவைவிடத் தரையை மீண்டும் போடும் செலவு பன்மடங்காகிறது. தரையில் கை வைப்பதற்கு முன்பே கசிவின் இடத்தை இயன்றவரை சரியாக அறிந்துகொள்ளும் முறைகளை இங்கே காண்போம்.

சிறு துளையும் பெரு நஷ்டமும்

ஒரு துளையிலிருந்து நீர் எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி கண்டறிந்தார். துளைக்கு மேலுள்ள நீரின் உயரமே வேகத்தை நிர்ணயிக்கிறது. அவ்வுயரத்திலிருந்து தடையின்றி விழும் ஒரு கல் எவ்வேகத்தை அடையுமோ, அவ்வேகத்துடன் நீர் வெளியேறும்.

மாடியிலுள்ள தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தரைக்கடியிலுள்ள குழாயில் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று விழுந்திருக்கிறது. நீர் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் பாயும். துளையருகே நீர்த்தாரை சுருங்குவதால் கணக்கில் வரும் அளவில் ஏறத்தாழ 60 சதவிகிதமே வெளியேறும். அப்படியிருந்தும் ஒரு நாளில் இழக்கப்படும் நீர் சுமார் 400 லிட்டர் ஆகும். கழிவுநீர் வடிகால் வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள அளவு. ஆகவே, குண்டூசித் தலையளவேயுள்ள இத்துளை மூவரின் ஒருநாள் தேவையை விழுங்கிவிடுகிறது. துளையின் விட்டம் இரு மடங்கானால் நஷ்டம் நான்கு மடங்காகும்.

திருமலையில் இந்தக் கணக்கிற்குத் தனியான பொருள் உண்டு. நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான யாத்ரிகர்கள் வந்து தங்கும் இம்மலையின் நீர்த்தேவையைக் கோகர்ப்பம், பாபவிநாசம், ஆகாசகங்கை, குமாரதாரை, பசுபுதாரை ஆகிய மலைமீதுள்ள அணைகள் நிறைவேற்றுகின்றன. அவை போதாதபோது அடிவாரத்தை அடுத்துள்ள கல்யாணி அணையின் நீர் மேலேற்றப்படுகிறது. திருப்பதி நகருக்கும் திருமலைக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 700 மீட்டர். இவ்வளவு உயரத்திற்கு ஆயிரம் லிட்டர் நீரை ஏற்றுவதற்குக் கணக்குப்படி ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் வேண்டும். இயந்திரங்களில் ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்தால் 3 யூனிட் வரை ஆகும். இவ்வாறு உயர்த்தப்பட்ட நீர் ஒரு விடுதியின் தரைக்கடியில் மறைவாக ஒழுகினால், நீருடன் மின்சக்தியும் வீணாகிறது.

முதல் கேள்வி: கசிவு உண்டா?

கசிவின் இடத்தைத் தேடுவதற்கு முன், கசிவு உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரவில் படுக்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட வேண்டும். கழிவறைத் தொட்டிக்குச் செல்லும் குழாயையும் மறக்கலாகாது. அதிலுள்ள மிதவை வால்வு பழுதடைந்து நீர் ஓசையின்றி வழிந்துகொண்டிருப்பது மிகச் சாதாரணமான நிகழ்ச்சி. பின்னர் மாடித் தொட்டிக்கு நீர் வந்து சேரும் வழியையும் அடைத்துவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொட்டியின் அடிப்பரப்பு 1 சதுர மீட்டராக இருந்தால், மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்குவது 10 லிட்டர் நஷ்டத்தைக் காட்டும். மேலே கூறிய 1 மில்லிமீட்டர் துளை, 8 மணி நேரத்தில் மட்டத்தைச் சுமார் 13 சென்டிமீட்டர் இறக்கிவிடும். காலையில் அளவுகோலைக் கொண்டே இதனைக் கண்டுவிடலாம்.

தொட்டியின் வெளிக்குழாயிலுள்ள வால்வை மூடி மறுநாள் இரவும் இதே சோதனையைச் செய்வது நலம். வால்வு மூடப்பட்டிருந்தும் மட்டம் இறங்கினால், குறை தொட்டியிலேயே இருக்கிறது. தரையைத் தொட வேண்டியதில்லை. மட்டம் நிலையாக நின்றால் குறை குழாய்களில் இருக்கிறது.

நீர்மானி பொருத்தப்பட்டுள்ள இணைப்பில், மானியின் முகப்பிலுள்ள சிறு சக்கரத்தைக் கவனிக்கலாம். குழாய்கள் அனைத்தும் மூடியிருக்கும்போதும் அது சுழலுமானால் எங்கோ நீர் செல்கிறது. ஆனால் மிக மெதுவான கசிவு சக்கரத்தைச் சுழற்ற வலுவற்றது. ஆகவே சக்கரம் நின்றிருப்பதை மட்டும் கொண்டு கசிவே இல்லை என முடிவு செய்யலாகாது.

இரவு ஓட்டத்தை அளந்து கசிவை அறியும் இம்முறை புதியதன்று. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரின் பொறியியலாளர் டீக்கன், 1873-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு மானியை அமைத்தார். மக்கள் உறங்கும் வேளையில் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் செல்லும் நீரை அது பதிவு செய்தது. அவ்வேளையில் மிகுதியாக நீர் ஓடும் வட்டாரத்தில் கசிவு இருப்பதாகக் கொண்டு தேடினர். நீரின் விரயம் குறைந்தது. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நீர் பெற்றுவந்த அந்நகரம் இடைவிடாத விநியோகத்தைப் பெற இது வழிசெய்தது.

ஈரத்தின் மூலம் எது?

தரையில் ஈரம் காணப்படும்போதெல்லாம் குழாயின்மீது பழி சுமத்துவது சரியன்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த தரையில் படிந்து ஈரமாகலாம். நிலத்தடி ஈரம் நுண்துளைகளின் வழியே சுவரில் ஏறலாம். கழிவுநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டமே தரையை நெருங்கி வந்துவிடலாம்.

நிலத்தடி நீரின் வலிமைக்குத் திருப்பதியே ஓர் உதாரணம் தந்தது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நகரில் பெருமழை பெய்து வெள்ளம் சூழ்ந்தது. அப்போது ஒரு வீட்டில் சிமெண்ட் வளையங்களால் அமைக்கப்பட்டிருந்த நிலத்தடி நீர்த்தொட்டி, நிலத்தைப் பிளந்துகொண்டு பல அடி மேலெழுந்து நின்றது. கண்டவர்கள் அதிசயம் என்றனர். இதற்குக் காரணம் ஆர்க்கிமிடீஸ் தத்துவமே. சுற்றியுள்ள மண் நீரால் நிறைந்திருக்கையில், உள்ளே நீர் குறைந்த தொட்டி ஓடத்தைப் போல் ஆகிவிடுகிறது. அது விலக்கிய நீரின் எடை தொட்டியின் எடையைவிட அதிகமானால் தொட்டி மிதக்கிறது. இத்தகைய காலத்தில் தரையில் ஊறும் நீருக்குக் குழாயின் குறையைத் தேடுவது வீண்முயற்சியாகும்.

மூலத்தை வேறுபடுத்தி அறிய எளிய சோதனைகள் உண்டு. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஈரமான தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டு வைக்க வேண்டும். தாளின் அடியில் நீர்த்துளிகள் திரண்டால் ஈரம் கீழிருந்து வருகிறது. மேற்புறம் மட்டும் ஈரமானால் அது காற்றிலிருந்து வந்தது.

குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் உள்ள வேற்றுமையும் துணைபுரியும். குடிநீர்க் குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருப்பதால் அதன் கசிவு இரவும் பகலும் தொடரும். கழிவுநீர்க் குழாயின் கசிவோ, குளித்த பின்னும் பாத்திரம் துலக்கிய பின்னும் மிகுந்து, வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களில் உலரும். தீங்கற்ற சாயத்தைக் கரைத்துக் கழிவுநீர்த் துவாரத்தில் ஊற்றி, அந்நிறம் ஈரத்தில் தோன்றுகிறதா என்றும் பார்க்கலாம்.

ஊறும் நீரைச் சிறிது சேகரித்து அதில் குளோரின் உள்ளதா என்று சோதிப்பது மற்றொரு முறை. குழாய்க் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். டி.பி.டி. எனப்படும் மாத்திரையை இட்டால் குளோரின் உள்ள நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் தோன்றினால் அந்நீர் பொதுக் குழாய் நீர் என்பது பெரும்பாலும் உறுதி. நிறம் தோன்றாவிடில் எதையும் தீர்மானிக்க இயலாது. மண்ணின் வழியே வரும்போது குளோரின் அழிந்திருக்கலாம். சொந்தக் கிணற்று நீரை உபயோகிக்கும் வீட்டிற்கு இச்சோதனை பயன்படாது.

எந்தக் கிளையில்?

குழாயில்தான் குறை என்று தெளிவான பின், கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். சமையலறை, குளியலறை, கொல்லைப்புறம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனி வால்வு இருக்குமானால் வேலை எளிது. சமையலறை வால்வை மூடியதும் தொட்டியின் மட்டம் இறங்குவது நின்றுவிட்டால், கசிவு அக்கிளையில் இருக்கிறது. நிற்காவிடில் அடுத்த வால்வைச் சோதிக்க வேண்டும். புதிதாக வீடு கட்டுவோர் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வால்வு அமைப்பதும், குழாய்கள் செல்லும் வழியை வரைபடமாக வரைந்து வைப்பதும் பிற்காலத்தில் பெரும் செலவைத் தவிர்க்கும். இரும்புக் குழாயை உலோகம் காணும் கருவியால் தேடிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் குழாயோ அக்கருவிக்குப் புலப்படாது.

செவியால் தேடுதல்

அழுத்தத்துடன் துளையிலிருந்து பீறிடும் நீர், துளையின் விளிம்பில் உராய்ந்தும் சுற்றியுள்ள மண்ணில் மோதியும் ஒலி எழுப்புகிறது. இவ்வொலி குழாயின் சுவர் வழியாக இருபுறமும் பரவுகிறது. இதனைக் கேட்பதற்கு நீர் விநியோகத் துறையினர் நெடுங்காலமாக உபயோகித்து வருவது ஒரு கோல்தான். ஒரு முனையைக் குழாயின்மீதோ தரையின்மீதோ ஊன்றி, மற்றொரு முனையில் காதை வைத்துக் கேட்பர். இன்று ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் கொண்ட மின்னணுக் கருவிகள் உள்ளன. தத்துவம் ஒன்றே.

நள்ளிரவுக்குப் பின் வீடும் தெருவும் அடங்கியிருக்கும் நேரமே இதற்கு உகந்தது. மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி முதலியவற்றை நிறுத்திவிட வேண்டும். முதலில், சந்தேகத்திற்குரிய கிளையிலுள்ள ஒவ்வொரு குழாய்முனையிலும் கோலை வைத்துக் கேட்க வேண்டும். எந்த முனையில் ஒலி மிகுதியாக இருக்கிறதோ, கசிவு அதற்கு அண்மையில் இருக்கும். பின்னர் குழாய் செல்லும் வழியைப் பின்பற்றி, தரையில் அடிக்கு அடி கோலை ஊன்றிக் கேட்டு, ஒலி உச்சமடையும் இடத்தைச் சுண்ணாம்பினால் குறிக்க வேண்டும். மறுநாள் இரவும் அதே இடம் வருகிறதா என்று பார்ப்பது விவேகம்.

இம்முறைக்குச் சில வரம்புகள் உண்டு. இரும்பு ஒலியை நெடுந்தூரம் கொண்டுசெல்லும். பிளாஸ்டிக் குழாய் ஒலியை விரைவில் விழுங்கிவிடும். குழாயின் முழங்கை வளைவுகளிலும் ஒலி பெருகித் தோன்றுவதால் அவை ஏமாற்றக்கூடும். துளை பெரியதாகி அழுத்தம் குறைந்துவிட்டால் நீர் ஓசையின்றியே வழியும். ஆகவே உரத்த ஒலி எப்போதும் பெரிய கசிவைக் குறிப்பதில்லை.

காலத்தை அளந்து தூரத்தை அறிதல்

கசிவின் ஒலி குழாயின் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் அடைவதில்லை. அண்மையிலுள்ள முனையை முதலில் அடைகிறது. இவ்விரு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இரு முனைகளிலும் ஒலியுணரிகளைப் பொருத்தி, அவற்றில் பதிவாகும் ஒலிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இவ்வேலையைச் செய்யும் கருவி ஒலி ஒப்புமைக் கருவி எனப்படும்.

12 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,200 மீட்டர் வேகத்தில் செல்லும். ஒலி ஒரு முனையை மற்றொன்றைவிட ஒரு விநாடியில் ஆயிரத்தில் 5 பங்கு முன்னதாக அடைந்தால், அந்நேரத்தில் அது கடந்த தூரம் 6 மீட்டர். மொத்த நீளத்திலிருந்து இதைக் கழித்து, எஞ்சியதைப் பாதியாக்கினால் 3 மீட்டர் கிடைக்கும். அண்மை முனையிலிருந்து 3 மீட்டர் தொலைவில் கசிவு உள்ளது.

அதே குழாய் பிளாஸ்டிக்கால் ஆனதாயின், ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 450 மீட்டர்தான். அதே கால வித்தியாசம் இப்போது 2.25 மீட்டரை மட்டும் குறிக்கும், கசிவு 4.9 மீட்டர் தொலைவில் இருக்கும். குழாய் எந்தப் பொருளால் ஆனது என்பதைத் தவறாகக் கொண்டால், ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளித் தரையை உடைக்க நேரிடும். மேலும், இக்கருவி தெருவிலுள்ள நீண்ட குழாய்களுக்கே மிகவும் ஏற்றது. பல கிளைகளும் வளைவுகளும் கொண்ட வீட்டுக் குழாயில் அதன் முடிவைச் செவிச் சோதனையால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வாயுவும் வெப்பமும்

ஒலி கைகொடுக்காதபோது வாயு உதவுகிறது. குழாயிலுள்ள நீரை அகற்றிவிட்டு, 5 பங்கு ஹைட்ரஜனும் 95 பங்கு நைட்ரஜனும் கொண்ட கலவையை உட்செலுத்துவர். இவ்விகிதத்தில் கலவை தீப்பற்றுவதில்லை. வாயுக்களில் மிக இலேசான ஹைட்ரஜன் துளையின் வழியே வெளியேறி, மண்ணையும் சிமெண்ட் தளத்தையும் ஊடுருவி மேலெழுகிறது. தரைமீது நகர்த்தப்படும் உணர்கருவி அதனைக் காட்டுகிறது. வழவழப்பான ஓடுகள் பதித்த தரையில் வாயு ஓடுகளின் இணைப்புகளில் மட்டும் வெளிவரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெந்நீர்க் குழாயில் கசிவு ஏற்பட்டால் தரையின் வெதுவெதுப்பைக் காலாலேயே உணரலாம். வெப்பத்தைப் படமெடுக்கும் காமிரா, மிகச் சிறிய வெப்ப வேறுபாட்டையும் நிறவேறுபாடாகக் காட்டும். ஆனால் அது காட்டுவது ஈரம் பரவிய பகுதியையே, துளையை அன்று. மலையின் ஊற்று கற்பிக்கும் பாடம் இங்கும் பொருந்துகிறது.

பூமியில் புதைந்த நீண்ட குழாய்த் தொடர்களில் கசிவைக் காண, டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் கதிரியக்கச் சுவடு முறை உபயோகமாகியுள்ளது. தொழில் துறைக்குரிய அம்முறை வீடுகளுக்கு வேண்டியதில்லை.

ஆரோக்கியத்திற்கு அபாயம்

நீர் வீணாவது மட்டுமே நஷ்டம் என எண்ணி, சிறு கசிவைப் பொருட்படுத்தாது விடுவோர் பலர். உண்மையில் அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. குழாயினுள் அழுத்தம் இருக்கும்வரை நீர் துளையின் வழியே வெளியேறும். அழுத்தம் நீங்கியதும் அதே துளை உள்வழியாகிறது. நம் நகரங்கள் பலவற்றில் குடிநீர் சில மணி நேரமே விடப்படுகிறது. நீர் நின்றபின் காலியாகும் குழாய், சுற்றியுள்ள மண்ணின் அழுக்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அருகில் கழிவுநீர்க் குழாயும் கசியுமானால் வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை முதலிய நோய்களின் கிருமிகள் குடிநீரில் கலக்கின்றன. பொதுக் குழாயில் நேராக மோட்டார் பொருத்தி நீரை உறிஞ்சும் வழக்கம் இந்த அபாயத்தைப் பன்மடங்காக்குகிறது; அது அயல்வீட்டாரின் குழாயிலும் அழுக்கைச் சேர்க்கும். கசிவு இருப்பதாகச் சந்தேகம் தோன்றிய நாள் முதல், அது சரிசெய்யப்படும்வரை குடிநீரைக் கொதிக்கவைத்து அருந்துவதே பாதுகாப்பாகும்.

தரையைத் திறந்த பின்

இடம் உறுதியானபின் தரையைச் சிறிதளவே திறந்தால் போதும். இரும்புக் குழாயாயின் மரை வெட்டப்பட்ட இணைப்பில் துரு அரித்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். மரை வெட்டும்போது குழாயின் சுவர் அங்கே மெலிந்துவிடுகிறது. பிளாஸ்டிக் குழாயாயின் சரியாக ஒட்டப்படாத இணைப்பிலோ, கூரிய கல் அழுத்திய இடத்திலோ குறை இருக்கும். குழாயைச் சுற்றிலும் கல்லற்ற மணலை இட்டு நிரப்புவது அவசியம்.

பழுது பார்த்தவுடன் தரையை மூடிவிடலாகாது. குழாயில் நீரை நிறைத்து, தொட்டியின் மட்டத்தைக் குறித்து, முதலிற் செய்த இரவுச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். ஒரு துளையை அடைத்ததும் குழாயில் அழுத்தம் கூடி, அதுவரை அடங்கியிருந்த மற்றொரு துளை வெளிப்படுவது உண்டு. பழைய இரும்புக் குழாய் பல இடங்களில் அரித்திருந்தால், அதனைத் தரைக்கடியிலேயே கைவிட்டுச் சுவரின்மீது புதிய குழாய் அமைப்பது சிக்கனமானது. சுவரில் செல்லும் குழாய் அழகுக்குக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அதில் தோன்றும் கசிவு அன்றே கண்ணில் படும்.

மாதம் ஒருமுறை, ஓர் இரவு, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பார்ப்பது எந்தக் குடும்பத்திற்கும் இயலக்கூடிய காரியம். ஓர் அளவுகோலும் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் இருந்தால் போதும். கசிவு வெள்ளமாகிச் சுவரை நனைக்கும் முன்பே அதனை அறிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.